முப்பத்தொன்றாம் கல்

மார்ச் 4

அன்புள்ள தம்பி,

ஏரிக்காற்றில் தொண்டை கட்டிக்கொண்டதைத் தவிர இங்கே எனக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும் உடம்பு எப்படி? டிப்போவில் அவளுக்கு இன்னும் காலை ஷிஃப்ட்தானா? போன் செய்தால் நான் எடுப்பதே இல்லை என்று நீ திட்டுவது இங்கே வரைக்கும் கேட்கிறது. முகாமுக்குப் பின்னால் மேட்டில் ஏறி நின்றால் ஒரு கோடு சிக்னல் வரும், வாயைத் திறப்பதற்குள் போய்விடும். வாரம் இரண்டு முறை ஜீப் வந்து தபாலை எடுத்துப்போகிறது. அதனால்தான் இந்தக் கடிதமும் கூடவே இந்தப் பெட்டியும்.

பெட்டியில் இருபது கற்சில்லுகள் இருக்கின்றன. சிரிக்காதே, முழுக்கப் படி.

இந்த ஏரிக்கரையில் ஆறாயிரம் வருஷத்துக்கு முன்னால் குடியிருந்தவர்கள் மரத்தைச் செதுக்கியிருப்பார்கள், மூங்கிலைப் பிளந்திருப்பார்கள், நாணலை உரித்துப் பாய் பின்னியிருப்பார்கள். அதில் ஒரு துண்டுகூட எங்களுக்குக் கிடைக்கவில்லை, எல்லாம் மக்கி மண்ணாகிவிட்டது. மிஞ்சியது அவர்கள் கையில் பிடித்து வேலை செய்த கற்கள் மட்டும். மரம் கல்லின் விளிம்பை ஒரு விதமாகத் தேய்க்கும், மூங்கில் வேறு விதமாகத் தேய்க்கும். அந்த மினுக்கத்தையும் கீறல் கோடுகளையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்து, எந்தக் கல்லால் என்ன செய்தார்கள் என்று சொல்வதுதான் என் பிழைப்பு.

அதைச் சும்மா சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். புதுச் சில்லுகளால் இன்றைக்கு அதே வேலையைச் செய்து, இரண்டு தேய்மானத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்ட வேண்டும். போன வருஷம் நானே செய்து காட்டினேன். 'செய்தவருக்கு மரவேலை தெரியவில்லை' என்று எழுதி, அகழாய்வுக்கு அனுமதி தருகிற கமிட்டி என் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டது. அவர்கள் சொன்னது உண்மைதான். சுத்தியலை எடுத்தால் ஆணியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அடிக்கிற கை என்னுடையது. உன்னுடையது இருபத்திரண்டு வருஷம் தச்சுப் பட்டறையில் பழகிய கை.

ஒரு கல்லுக்கு ஒரு வேலைதான். எந்தக் கல்லால் எதை, எத்தனை இழுப்பு இழுத்தாய் என்று அதைச் சுற்றியிருக்கும் தாளிலேயே எழுதிவிடு. முடிந்ததும் கழுவாதே, துடைக்காதே. அப்படியே சுற்றி அனுப்பு. செய்வாய் அல்லவா?

உன் அக்கா

மார்ச் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் தொண்டைக்கு வெந்நீர் குடி, கல்லுக்குக் காட்டுகிற அக்கறையில் கால்வாசி உடம்புக்கும் காட்டு. இவளுக்கு இப்போது மதிய ஷிஃப்ட். நான் பட்டறையிலிருந்து வரும்போது அவள் டிக்கெட் கவுண்டரில் இருக்கிறாள். எங்கள் குடும்ப வாழ்க்கை பஸ் நிலையத்தில் சில்லறை கேட்கிற நேரத்தில் நடந்துகொண்டிருக்கிறது.

இருபது கல்லும் முடிந்து இத்துடன் வருகிறது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து சீவினேன். பட்டறை முழுக்கக் கூட்டம் கூடிவிட்டது. "என்னப்பா, உளி வாங்க வழியில்லையா?" என்று மேஸ்திரி கேட்டார். "எங்க அக்கா ஆறாயிரம் வருஷ ஆர்டர் ஒண்ணு பாக்கி வெச்சிருந்தா, அத முடிச்சுக் குடுக்கறேன்" என்றேன். அன்றிலிருந்து எனக்குப் பட்டறையில் 'கற்காலம்' என்றே பெயர் வந்துவிட்டது. "கற்காலம், அந்த இழைப்புளிய எடு" என்கிறார்கள்.

விளையாட்டாக ஆரம்பித்தேன், ஆனால் ஆச்சரியமாகத்தான் இருந்தது அக்கா. ஏழாவது கல் மென்மரத்தை வெண்ணெய் மாதிரி சீவியது. பிடிக்கத் தெரிந்துவிட்டால் போதும், நம் உளிக்கு ஒன்றும் இளைத்ததில்லை. யாரோ ஒருத்தர் அந்தக் காலத்தில் இதைப் பிடித்து உட்கார்ந்திருப்பார், அவருக்கும் முதுகு வலித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு விஷயம். பிடிக்கிற பக்கமும் பிளேடு மாதிரிதான் இருக்கிறது. உள்ளங்கையில் நாலைந்து இடத்தில் கீறிவிட்டது. ஒரு துணியைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளலாமா?

கற்காலம் என்கிற உன் தம்பி

ஏப்ரல் 2

அன்புள்ள தம்பி,

உங்கள் இருவருடைய சுகமும் தெரிந்து சந்தோஷம். என் தொண்டை சரியாகிவிட்டது.

உன் கற்களை மூன்று நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என்ன அழகான கோடுகள்! ஒரே சாய்வு, ஒரே அழுத்தம், சீப்பால் வாரிவிட்ட மாதிரி. எங்கள் அகழாய்வுத் தலைவர், நாங்கள் பெரியவர் என்று கூப்பிடுவோமே அவர், கண்ணை எடுக்காமல் பார்த்துவிட்டு, "இது யார் கை?" என்று கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

துணி மட்டும் வேண்டாமப்பா. துணியும் கல்லில் தேய்ந்து ஒரு தடத்தை விட்டுவிடும். அப்புறம் எது மூங்கில் தடம், எது துணித் தடம் என்று என்னால் பிரிக்க முடியாது, எல்லாம் வீணாகிவிடும். வெறுங்கையாலேயே செய். கொஞ்சம் பார்த்துப் பிடி, நீ பிடிக்காத கருவியா?

இத்துடன் இன்னும் இருபத்து நான்கு கல், 21 முதல் 44 வரை. இந்த முறை நன்றாக முற்றிய மூங்கிலாக எடுத்துக்கொள். சீவினால் மட்டும் போதாது, கணுவோடு சேர்த்துப் பிளக்கவும் வேண்டும். கடினமான வேலையின் தேய்மானம்தான் எங்களிடம் இல்லை.

அவசரப்படுத்துகிறேன் என்று நினைக்காதே, ஆனால் மாதக் கடைசிக்குள் அனுப்பிவிடு. ஜூன் மாதக் கமிட்டிக் கூட்டத்துக்கு அறிக்கை தயாராக வேண்டும். இந்த அறிக்கையும் எடுபடாவிட்டால் அடுத்த வருஷம் அகழாய்வு கிடையாது, குழியை மூடிவிடுவார்கள். இரண்டு மூன்று நாள் லீவு போட்டாவது முடித்துக் கொடு. உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

அவளைக் கேட்டதாகச் சொல்.

உன் அக்கா

ஏப்ரல் 29

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே சுகம். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

கை முழுக்கப் பசையாக இருப்பதால் நான் சொல்ல இவள் எழுதுகிறாள். கையெழுத்து வேறாக இருக்கிறதே என்று யோசிக்காதே.

21 முதல் 44 வரை முடித்து அனுப்பியிருக்கிறேன். கணக்கெல்லாம் தாளில் இருக்கிறது. 31-வது கல் பாதியில் உடைந்துவிட்டது, எறிந்துவிட்டேன். கொஞ்சம் தாமதமாகிவிட்டது, பட்டறையில் வேலை அதிகம்.

இனி இப்போதைக்குக் கல் அனுப்ப வேண்டாம். வேலை குறைந்ததும் நானே சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

மே 9

அன்புள்ள தம்பி,

நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன், முதலில் இதைக் கேள். நீ என்ன செய்தாய் என்று உனக்கே தெரியாது!

21 முதல் 30 வரை எப்போதும் போல உன் கைதான். கோடுகளெல்லாம் வலப்பக்கம் சாய்ந்திருந்தன. 32-வது கல்லை வைத்தேன். கோடு அப்படியே மாறி இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அழுத்தம் ஒரே சீராக இல்லை, விளிம்பில் சின்னச் சின்னச் சிதறல். முதலில் கல்லைத் தலைகீழாக வைத்துவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்தேன். 33, 34 என்று வரிசையாக எடுத்துப் பார்த்தேன், 44 வரைக்கும் அப்படியே இருக்கிறது.

எங்கள் குழியில் கிடைத்த கற்களில் பன்னிரண்டு மட்டும் இப்படித்தான் இருக்கின்றன. ஏன் என்று நான்கு வருஷமாக யாருக்கும் தெரியவில்லை. வெளியிலிருந்து வேறொரு கூட்டம் வந்து குடியேறியிருக்கிறது, அவர்களுடைய வேலை முறையே வேறு என்று பெரியவர் ஒரு புத்தகமே எழுதிவிட்டார். இப்போது நீ ஒற்றை ஆளாக உன் பட்டறையில் உட்கார்ந்து அதே தடத்தைப் போட்டு அனுப்பியிருக்கிறாய்!

எப்படிச் செய்தாய்? மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றாயா? மூங்கிலைத் திருப்பிப் பிடித்தாயா? கல்லை உன்னை நோக்கி இழுக்காமல் வெளியே தள்ளினாயா? சின்ன விஷயமாக இருந்தாலும் விடாமல் எழுது. வேலை அதிகம் என்று எழுதியிருந்தாய், தெரிகிறது. இருந்தாலும் இன்னும் பத்துக் கல் அனுப்புகிறேன், 32-ல் எப்படிச் செய்தாயோ அச்சு அசலாக அப்படியே இந்தப் பத்தையும் செய்து கொடு.

31-ஐ நீ எறிந்திருக்கக் கூடாது. உடைந்த கல்லில்தான் எங்களுக்கு அதிகம் தெரியும். இனிமேல் எது உடைந்தாலும் எடுத்து வை.

அவளுடைய கையெழுத்து நன்றாக இருக்கிறது. ஆனால் அது என்ன பசை, ஒரு கடிதம் எழுதுகிற நேரத்துக்குள் காயாத பசை? சரி, இருவரும் நலமா?

உன் அக்கா

மே 24

அன்புள்ள தம்பி,

நலம்தானே? பதில் வரவில்லை. நாலைந்து முறை ஜீப் வந்துபோய்விட்டது. நேற்று மேட்டில் ஏறி நின்று உனக்கு நான்கு தடவை போன் செய்தேன். மணி அடித்து அடித்து நின்றது.

அதிகமாக வேலை வாங்குகிறேன் என்று கோபமா? கோபம் இருந்தால் இரண்டு வரி திட்டியாவது எழுது, எனக்குப் பதில் வேண்டும். 32-லிருந்து என்ன மாறியது என்று தெரியாமல் அறிக்கையில் அந்தப் பகுதியை எழுத முடியவில்லை. கூட்டம் அடுத்த மாதம் இருபத்தாறாம் தேதி.

பத்தில் ஐந்து கல்லாவது முடிந்ததா?

உன் அக்கா

ஜூன் 1

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். நீங்கள் சுகமா என்று கேட்கக்கூட இப்போது எனக்கு மனசு வரவில்லை. அதற்காக மன்னியுங்கள்.

உங்களுக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இதுதான். ஏப்ரல் கடிதத்தில் இருந்தது என் கையெழுத்து, அதில் இருந்த பொய் அவருடையது. இந்தக் கடிதம் எழுதுவது அவருக்குத் தெரியாது. டிப்போவில் சாப்பாட்டு வேளையில் கவுண்டரை மூடிவிட்டு எழுதுகிறேன்.

ஏப்ரல் பதினான்காம் தேதி பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, வீட்டில் உட்கார்ந்து உங்கள் மூங்கிலைப் பிளந்துகொண்டிருந்தார். அன்றைக்கு எனக்கு மதிய ஷிஃப்ட். புடவை கட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. "கொஞ்சம் இங்க வா" என்று மட்டும் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் வலது கையை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கணுவில் கல் உடைந்து, பாதி மூங்கிலிலேயே நின்றுவிட்டது. அழுத்திக்கொண்டிருந்த கை அதன் மேலேயே போய்விட்டது. ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் அடியில், உள்ளங்கையின் குறுக்கே வெட்டு.

தசைநார் இரண்டும் அறுந்துவிட்டது என்று மறுநாள் ஆபரேஷன் செய்தார்கள். போன வாரம் கட்டுப் பிரித்தார்கள். டாக்டர், "விரல மடக்குங்க பாக்கலாம்" என்றார். இவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஏன், பயமா இருக்கா? மெதுவா மடக்குங்க" என்றார் டாக்டர். "மடக்கிட்டேன் டாக்டர்" என்றார் இவர்.

நான் வெளியே போய் நின்றுவிட்டேன்.

ஆபரேஷன் முடிந்த ஐந்தாம் நாளே கட்டுப்போட்ட கையை மேசை மேல் வைத்துக்கொண்டு, மிச்சக் கல்லை இடது கையால் செய்ய ஆரம்பித்தார். நான் கத்தினேன். "அக்காவுக்கு மாசக் கடைசிக்குள்ள வேணும்" என்றார். நீங்கள் கேட்டீர்களே, எப்படிச் செய்தாய் என்று, இப்படித்தான் செய்தார் அண்ணி.

உங்கள் மே மாதக் கடிதத்தை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டினேன். அவரே படிப்பார், ஆனால் அன்றைக்கு, "நீ படி" என்றார். 'இன்னும் பத்துக் கல்' என்று வந்த இடத்தில் நான் நிறுத்திவிட்டேன். "முழுசாப் படி" என்றார். படித்தேன். கேட்டுவிட்டு எழுந்து போய்ச் சட்டை மாட்டினார். பொத்தான் போட என்னைக் கூப்பிடவில்லை. திறந்த சட்டையோடு தெருவில் போனார்.

உங்களைக் குத்திக்காட்ட இதை எழுதவில்லை. இல்லை, கொஞ்சம் அதற்காகவும்தான். அவருக்கு நீங்கள் என்றால் உயிர் என்று தெரிந்துதான் இந்த வீட்டுக்கு வந்தேன். ஆனால் இனி கல் அனுப்பாதீர்கள்.

31-வது கல்லை அவர் எறியவில்லை. என்னை எறியச் சொன்னார், நான் எடுத்து வைத்திருந்தேன். இத்துடன் அனுப்புகிறேன். கழுவவில்லை. கழுவக்கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள்.

உங்கள் தம்பி மனைவி

ஜூன் 6

தம்பி,

அவள் எழுதியிருந்தாள். அவளைக் கோபிக்காதே.

என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நான்கு தாளைக் கிழித்துவிட்டேன். துணி வேண்டும் என்று நீ கேட்டாய். வேண்டாம் என்று சொன்னது நான். முற்றிய மூங்கில் வேண்டும், கணுவோடு பிளக்க வேண்டும், மாதக் கடைசிக்குள் வேண்டும் என்றதும் நான். அதற்கப்புறம் பதிமூன்று கல்லில் உன் இடது கை என் கண் முன்னாலேயே இருந்தது. எத்தனையோ ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆளின் கையைக் கல்லைப் பார்த்துச் சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொள்கிறவள் நான். என் தம்பியின் கை எனக்குத் தெரியவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றாயா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். அந்த வரியை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

31 வந்து சேர்ந்தது. அதை மைக்ராஸ்கோப்பில் வைக்கவே இல்லை என்று முதலில் எழுதினேன், அடித்துவிட்டேன். வைத்தேன். பழக்கம் அப்படி இழுத்துவிட்டது. விளக்கைப் போட்டுக் கண்ணை வைத்தபிறகுதான் என்ன பார்க்கிறேன் என்று உறைத்தது.

உன் கற்கள் அத்தனையையும் அறிக்கையிலிருந்து எடுத்துவிடுகிறேன், ஒன்றுகூட வேண்டாம். லீவு கேட்டிருக்கிறேன், கிடைத்ததும் புறப்பட்டு வருகிறேன். பெரிய ஆஸ்பத்திரியில் கை டாக்டர் ஒருவரை இங்கே ஒருத்தருக்குத் தெரியும். காட்டுவோம்.

அக்கா

ஜூன் 15

அக்காவுக்கு,

இடது கையால் நானே எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்து அழாதே, அதற்காக எழுதவில்லை. ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆகிறது. அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

இப்போது வராதே. நீ வந்தால் உட்கார்ந்து அழுவாய். நான் உனக்குச் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். உன்னைச் சமாதானப்படுத்துகிற தெம்பு இப்போது என்னிடம் இல்லை. கை டாக்டரையும் பார்த்தாகிவிட்டது. இன்னொரு ஆபரேஷன் செய்தாலும் பாதிதான் வரும் என்றார்.

நான் உன்னிடம் மறைத்தது உன் மனசு நோகக் கூடாது என்று. அப்போது உன் மேல் எனக்குக் கோபமே இல்லை, சத்தியமாக. உடைந்தது கல், வெட்டியதும் கல், இதில் அக்கா என்ன செய்வாள் என்றுதான் இருந்தேன். கோபம் மே மாதக் கடிதத்தில்தான் வந்தது. நீ சந்தோஷமாக எழுதியிருந்தாய். அதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அக்காவுக்கு இது நல்லதாகப் போய்விட்டது என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு வந்ததற்காக என்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் வந்தது வந்ததுதான். இன்னும் போகவில்லை.

பட்டறையில் என்னை வார்னிஷ் பூசும் பக்கம் மாற்றியிருக்கிறார்கள். கற்காலம் என்று இப்போது யாரும் கூப்பிடுவதில்லை. கூப்பிட்டால்கூடத் தேவலை.

என் கல்லை எல்லாம் எடுத்துவிடுகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அதைச் செய்யாதே. உனக்காகச் செய்தேன் என்று இவள் சொல்லியிருப்பாள். இடது கையால் செய்ததில் முதல் இரண்டு கல் உனக்காகத்தான். அப்புறம் எனக்காக. இந்தக் கை இனி ஏதாவது செய்யுமா என்று பார்க்க வேண்டியிருந்தது. நாற்பத்து நான்காவது கல்லில் மூங்கில் நேராகப் பிளந்தது. அதை நீ குப்பையில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கப் பார்க்காதே. நடந்ததை நடந்தபடி எழுது.

தம்பி

ஜூலை 3

தம்பி,

நீ சொன்னபடி நான் வரவில்லை. அவள் வாரம் ஒரு அட்டை போடுகிறாள். நீ ஆஸ்பத்திரியில் கைப் பயிற்சிக்கு ஒழுங்காகப் போகிறாய் என்று அதில்தான் தெரிந்துகொண்டேன்.

கூட்டம் நடந்தது. என்ன ஆனது என்பதை மட்டும் எழுதுகிறேன்.

கூட்டத்துக்கு முதல் நாள் பெரியவர் என் கூடாரத்துக்கு வந்து அறிக்கையைப் படித்தார். "ஏம்மா, இதையெல்லாம் எழுதணுமா? இடது கையாலும் செஞ்சு பார்த்தோம்னு ஒரு வரி போட்டா போதுமே. யார் கேக்கப் போறா?" என்றார்.

"யாரும் கேக்கமாட்டாங்க சார். ஆனா நடந்தது அது இல்லையே" என்றேன்.

அவர் கெட்டவர் இல்லை. பதினோரு வருஷமாக இந்தக் குழியில் வெயில் குடித்தவர். வெளியிலிருந்து வந்த கூட்டம் என்று அவர் எழுதிய புத்தகம் இந்த ஒரு அறிக்கையில் ஆட்டம் கண்டுவிடும் என்று இருவருக்குமே தெரியும். கொஞ்ச நேரம் தாளைப் புரட்டிக்கொண்டே இருந்தவர், "உன் தம்பிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்.

மறுநாள் வாசித்தேன். 1 முதல் 31 வரை வலது கை, 31-ல் கல் உடைந்து காயம், 32 முதல் 44 வரை இடது கை, செய்தவர் இருபத்திரண்டு வருஷ அனுபவமுள்ள தச்சர். பழைய பன்னிரண்டு கற்களும் அதே மாதிரி இருப்பதால் அவை வேறு கூட்டத்தாருடையவை என்று சொல்ல முடியாது, இங்கேயே இருந்த இடது கைக்காரர் ஒருவருடையதாக இருக்கலாம், அதற்கு மேல் கல்லுக்குத் தெரியாது என்று முடித்தேன்.

கமிட்டித் தலைவி கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "வெளியாளுக்குக் கல் அனுப்ப யார் அனுமதி குடுத்தாங்க?"

"யாரும் குடுக்கல மேடம்."

"கையுறை குடுத்தீங்களா?"

"இல்ல."

"பிடிக்கத் துணியாவது?"

"அவன் கேட்டான். நான்தான் வேண்டாம்னேன்."

அந்தப் பதிலைக் குறிப்பேட்டில் அப்படியே எழுதிக்கொள்ளும்படி அவர் குமாஸ்தாவிடம் சொன்னார்.

விசாரணை வைத்திருக்கிறார்கள். அது முடியும்வரை என்னைக் குழியிலிருந்து எடுத்து, நகரத்திலிருக்கும் பொருள் கிடங்கில் போட்டிருக்கிறார்கள். மைக்ராஸ்கோப் கிடையாது, பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிற வேலை. நாளை அங்கே புறப்படுகிறேன். அகழாய்வையும் நிறுத்திவிட்டார்கள். நேற்று குழி மேல் தார்ப்பாய் விரித்து மண் தள்ளினார்கள். பெரியவர் வெயிலில் நின்று கடைசி வரை பார்த்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போகவில்லை.

உன் கோபம் போக வேண்டும் என்று இதை எழுதவில்லை. அது உன்னுடையது, இருக்கிற வரைக்கும் இருக்கட்டும். 'அக்காவுக்கு நல்லதாகப் போய்விட்டது' என்று எழுதியிருந்தாயே. அந்த மே மாதம் ஒன்பதாம் தேதி எனக்கு அப்படித்தான் இருந்தது. தெரியாமல் இருந்தேன் என்பது உண்மை. தெரிந்துகொள்ள நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பதும் உண்மை.

இனி நீ எழுதினால்தான் நான் எழுதுவேன்.

அக்கா

ஆகஸ்ட் 20

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய்? கிடங்கில் தூசி அதிகம் இருக்கும், உன் தொண்டைக்கு ஆகாது. மூக்கில் ஏதாவது கட்டிக்கொள்.

இப்போது ஒரு பக்கம் எழுத ஒரு நாள்தான் ஆகிறது. வலது கையில் கட்டை விரலும் கடைசி இரண்டு விரலும் வேலை செய்கின்றன. பலகையை அழுத்திப் பிடிக்கலாம், உளியைப் பிடிக்க முடியாது. மற்ற இரண்டு விரலும் நீட்டியது நீட்டியபடி நிற்கின்றன. தெருவில் போகும்போது யாருக்கோ வழி காட்டுகிற மாதிரி இருக்கிறது. ஒருத்தர் நிஜமாகவே அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

பட்டறையை விட்டுவிட்டேன். மேஸ்திரி போகச் சொல்லவில்லை. வார்னிஷ் வாசனையில் உட்கார்ந்துகொண்டு மற்றவர்கள் இழைக்கிற சத்தத்தைக் கேட்க முடியவில்லை. வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் மேசையைப் போட்டுக்கொண்டு நானே செய்கிறேன். எல்லாவற்றையும் இடது கைக்கு மாற்றி வைத்தேன். முதல் மாதம் செய்ததெல்லாம் அடுப்புக்குப் போனது.

பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் சுவர் முழுக்கப் புத்தக அலமாரி கேட்டிருக்கிறார். அவருக்கு விஷயம் தெரியும், தெரிந்துதான் கேட்டார். இணைப்பு வெட்டு இரண்டு இடத்தில் கோணலாக வந்துவிட்டது. பார்த்துவிட்டுப் பரவாயில்லை என்றார். எனக்குப் பரவாயில்லை என்று தோன்றவில்லை. பிரித்துவிட்டேன். திரும்ப வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் கடிதத்தை இவள் இரண்டு தடவை படித்தாள். "அண்ணி அந்தத் துணி விஷயத்த சொல்லாமலே விட்டிருக்கலாம்" என்றாள். "விட்டிருந்தா நான் அவளுக்குத் திரும்ப எழுதியிருக்கமாட்டேன்" என்றேன்.

கோபம் போய்விட்டதா என்று நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சில நாள் இருக்கிறது. சில நாள் மதியம் வரைக்கும் ஞாபகமே வருவதில்லை.

அலமாரியின் பக்கப் பலகை ஏழடி நீளம், நல்ல கனம். அதை நிறுத்தி நடுப்பலகைகளைக் கோர்க்கும்போது மறுமுனையை ஒரு ஆள் அசையாமல் பிடிக்க வேண்டும். என்னால் ஒரு கையில் அது முடியாது. இவளுக்கு ஞாயிற்றுக்கிழமையும் டிப்போ. பட்டறை ஆட்களைக் கூப்பிட்டால் வருவார்கள், ஆனால் என் கையைப் பார்க்காத மாதிரி கூரையைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நீ வா. கையைப் பார்க்க வேண்டும் என்றால் நேராகப் பார், கேட்க வேண்டியதைக் கேள். அழுகை வந்தால் பலகை நின்றபிறகு அழு. வந்ததும் கொட்டகைக்கு வந்துவிடு, அந்தப் பக்க முனையைப் பிடி. நான் "விடு" என்று சொல்கிற வரைக்கும் விடாதே.

உன் தம்பி